முட்டை அளவுத் தலை

மே மாதம்தான் ரெசினுக்கு நல்ல மாதம். பெங்களூரில் மற்ற மாதங்களில் காற்றில் கொஞ்சம் ஈரம் ஒட்டிக்கொண்டே இருக்கும். கூழாகப் பூசுகிற இந்தப் பிசின் இறுகுவதற்கு மாப்பிள்ளை முறுக்கு காட்டும். மேயில் அந்த வம்பு இல்லை. காலையில் பூசிவிட்டுப் போனால், மத்தியானம் சாப்பிட்டு முடித்த கையோடு வந்து விரலால் சுண்டிப் பார்க்கலாம். பீங்கான் மாதிரிச் சத்தம் கொடுக்கும்.

இன்ஸ்பெக்டர் சார், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள், அதனால் மே மாதத்திலிருந்து ஆரம்பித்தேன். நீங்கள் எதிர்பார்த்த முதல் இது இல்லை போலிருக்கிறது. என்னைக் கான்ஸ்டபிள் காந்தாவிடம் விட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டீர்கள். காந்தா நல்ல பெண். நான் தமிழில் சொல்லச் சொல்லக் கன்னடத்தில் எழுதுவதாகத்தான் சொன்னார். ஆனால் நான் நாலு வாக்கியம் சொன்னால் அவர் ஒன்று எழுதுகிறார்.

“மிச்சம் எல்லிம்மா, எங்கே?” என்று கேட்டேன்.

“எல்லாம் ஒந்தே லைன்ல பருத்தே மேடம்,” என்றார்.

ஒரே வரியில் அடங்குகிற விஷயமாக இருந்தால் இந்த ஆகஸ்ட் மழையில் நான் குடை பிடித்துக்கொண்டு வந்திருக்க மாட்டேன். ஏற்கெனவே ஒரே வரியில் எழுதி வைத்துவிட்டீர்கள் என்பதுதான் என் புகாரே. அதனால் பேப்பரை வாங்கி நானே என் கைப்படத் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்கிறவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பெயர் பிரிஜெட். வயது ஐம்பத்தெட்டு. லிங்கராஜபுரம். கல்யாணம் ஆகவில்லை, அதற்கும் இந்தக் கேசுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் உங்கள் படிவத்தில் அதற்குத்தான் பெரிய கட்டம் போட்டிருக்கிறது.

லாயிட் என் வீட்டு ஷெட்டில் இறந்துபோனான். அது உங்களுக்குத் தெரியும். அந்தக் கோப்பில் ஒரு வாக்கியம் இருக்கிறது. வக்கீல் நாணு எனக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினார். “செய்தவரின் போதிய தேர்ச்சியின்மையாலும் கவனக்குறைவாலும், மூச்சு விடுவதற்காக வைத்த ஸ்ட்ராவில் பிளாஸ்டர் புகுந்து அடைத்ததால் மரணம்.” படித்துவிட்டு நாணு சிரித்த முகமாக, “அம்மா, இதைவிட நல்ல வாக்கியம் உங்களுக்குக் கிடைக்காது. கவனக்குறைவுன்னா சின்னக் கேசு. வயசையும் பார்ப்பாங்க. வாயை மட்டும் மூடிக்கிட்டு இருங்க,” என்றார்.

“தேர்ச்சியின்மைன்னு எழுதியிருக்கே,” என்றேன்.

“அதுதான் உங்களைக் காப்பாத்தற வார்த்தை.”

“அதை எடுக்க முடியுமா?”

நாணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் போன் எடுப்பதில்லை.

அந்த வாக்கியத்தைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். வேறு ஒன்றுமில்லை.

என் தேர்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபைபர்கிளாஸ் ஹெல்மெட் செய்கிற கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். தொண்ணூற்றொன்றில் அதை மூடினார்கள். அதுவரை எத்தனை ஆயிரம் தலைகளுக்கு ஓடு போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கம்பெனி மூடிய பிறகு, விமானம் பறக்கவிடுகிற கிளப்காரர் ஒருவர் உடைந்த விமானத்தோடு வந்தார். நிஜ விமானம் இல்லை. ரிமோட்டில் பறக்கிற மாடல். வாசலில் நின்றுகொண்டு குழந்தை கை முறிந்ததுபோல அழாத குறை. ஒட்டிக் கொடுத்தேன். பிறகு இன்னொருவர் வந்தார். எல்லாரும் நாற்பது தாண்டிய ஆண்கள், வீட்டில் ஒரு பல்பு மாற்றத் தெரியாது, ஆனால் காற்றழுத்தம் பற்றி மூன்று மணி நேரம் பேசுவார்கள். அவர்களுக்கு விமானத்தின் உடம்பை, அதாவது வெளிக்கூட்டை, செய்து கொடுக்க ஆரம்பித்தேன்.

கூடு எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் லாயிட் செய்தது என்னவென்று புரியும். முதலில் அந்த உருவத்தை மரத்தில் செதுக்க வேண்டும். தொழிலில் அதைப் பிளக் என்போம். பட்டி பூசி, காயவிட்டு, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, கோணல் தெரிந்தால் மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. கண்ணால் பார்த்தால் தெரியாத பள்ளம் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் தெரியும். பிளக் முடிந்ததும் அதன்மேல் ஏழு தடவை மெழுகு. அதற்குமேல் ரெசினும் கண்ணாடி நாரும் பூசிக் கழற்றினால் மோல்டு. மோல்டுக்குள் பூசி எடுத்தால் கூடு. கூடு எடுப்பது இட்லி எடுக்கிற மாதிரி, யாரும் செய்யலாம். பிளக் செய்வது பிள்ளை பெறுகிற மாதிரி. நான் பெற்றதில்லை, பெற்றவர்கள் பேசுவதைக் கேட்டுச் சொல்கிறேன்.

என் பிளக்குக்குப் பதினான்கு மாதம் ஆனது. கடைசிப் பெயிண்ட் அடித்த அன்று ஒரு கட்டெறும்பு வந்து வால் பக்கம் இடது விலாவில் ஒட்டிக்கொண்டு செத்துப்போனது. காய்ந்த பிறகுதான் கவனித்தேன். பிடுங்கினால் பெயிண்ட் உரியும். அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்தேன். தலை, இடுப்பு, பின்பக்கம் என்று மூன்று குட்டி மேடு, விரல் வைத்தால் தட்டுப்படும். என் மோல்டிலிருந்து வந்த எல்லாக் கூட்டிலும் அந்த எறும்பு உண்டு. அதையே என் கையெழுத்தாக வைத்துக்கொண்டேன்.

லாயிட் தொண்ணூற்றேழில் என்னிடம் ஒரு கூடு வாங்கினான். காக்ஸ் டவுன்காரன். நாற்பத்தைந்து வயது, இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை, மாதா கோவில் பாட்டுக் குழுவில் கனத்த குரல், அதைவிடக் கனத்த மீசை. யாரையும் குறை சொல்ல மாட்டான். யார் பேசும்போதும் நடுவில் புகுந்து பேசுவான், ஆனால் அன்பாகப் புகுவான். அவன் மனைவி லவினா டீச்சர்.

எட்டு மாதம் கழித்து, ஹென்னூர் தாண்டி கிளப்காரர்கள் பறக்கவிடுகிற மைதானத்தில், லாயிட் ‘தன் டிசைன்’ என்று ஒரு விமானத்தைக் கொண்டுவந்து வைத்தான். நான் அன்றைக்கு ஒரு கூட்டைக் கொடுப்பதற்காகப் போயிருந்தேன். கிளப் செயலாளர் சாமிநாதன், காலேஜில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவர், அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“சார், இந்த இடத்துல விரல் வச்சுப் பாருங்க,” என்றான் லாயிட்.

சாமிநாதன் விரல் வைத்தார். “மேடு மாதிரி இருக்கே.”

“மூணு மேடு சார்.”

“ஆமா, மூணு. வேணும்னே வச்சதா?”

“பின்ன? ரொம்ப யோசிச்சு வச்சது. காத்து அங்க வந்து தடுக்கிச் சுழண்டு, வால்ல ஒட்டிக்கிட்டுப் போவுது. ஸ்லோவா வந்தாலும் ஆடாது.”

“இடது பக்கம் மட்டும் ஏன்?”

லாயிட் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “புரொபெல்லர் ஒரு பக்கமாத்தானே சார் சுத்துது.”

“அதானே,” என்றார் இயற்பியல் வாத்தியார்.

லாயிட் என்னைப் பார்த்தான். “ஆன்ட்டி, நீங்களும் தொட்டுப் பாருங்க. கத்துக்கலாம்.”

தொட்டேன். தலை, இடுப்பு, பின்பக்கம். எறும்பு சௌக்கியமாக இருந்தது.

என்னிடம் வாங்கிய கூட்டின் மேலேயே மெழுகு தேய்த்து மோல்டு எடுத்திருக்கிறான். பதினான்கு மாத வேலை அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தொழிலில் இது நடக்கும். அதற்காக ஒருவரும் போலீசுக்குப் போவதில்லை. அடுத்த வாரம் மைதானத்தில் மூன்று பேர் தங்கள் விமானத்தின் இடது வாலில் பசை போட்டுக் கடுகு ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒன்று போய் மரத்தில் மோதியது. ‘கடுகு பத்தல’ என்று பேசிக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்து சிரித்தேன். கோபம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். சாமிநாதன் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன்.

“மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது. லாயிடோட டிசைனை நீங்களும் எடுத்துக் குடுக்கறீங்கன்னு மெம்பர்ஸ் பேசிக்கறாங்க.”

“நானா?”

“அவர் ஒண்ணும் சொல்லலைங்க. ‘ஆன்ட்டி பாவம், விட்டுடுங்க’ன்னுதான் சொன்னார். பெரிய மனசு. ஆனா கிளப்புக்குன்னு ஒரு ரூல் இருக்குல்ல.”

அவரை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துணி போட்டு மூடி வைத்திருந்த பிளக்கைத் திறந்து காட்டினேன். மரம் சார், இது மரம், இதிலிருந்துதான் எல்லாம் வந்தது என்றேன். வாலில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன்.

அவர் கண்ணை மூடித் தடவிப் பார்த்தார். பிறகு நிஜமான வியப்போடு சொன்னார்: “அந்த மேட்டைக்கூட விடாம அப்படியே காப்பி பண்ணியிருக்கீங்களே மேடம். நல்ல கவனம்.”

காபி டம்ளரை வாங்கி வைத்தேன். கிளப் நோட்டீசில் கூடு செய்பவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்த இடத்தில் லாயிட் பெயர் வந்தது. அதற்குக் கீழே ‘அனுமதியில்லாத நகல்களைத் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி. ஏழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்கிற ஸ்கூட்டர்கள் நின்றுபோயின. எனக்கு அப்போதும் கோபம் வரவில்லை. அன்றைக்கு ஒரு மரக்கட்டையை எடுத்து வைத்துத் தேய்த்தேன். சாயங்காலம் பார்த்தால் கட்டையைக் காணோம், தூள்தான் இருந்தது.

இந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் லாயிட் வந்தான். கையில் வாழைப்பழச் சீப்பு, நலம் விசாரிக்க வந்தவன் மாதிரி.

“ஆன்ட்டி, நவம்பர்ல கண்காட்சி. பெரிய ப்ளேன் பண்றேன். நிஜத்துல நாலுல ஒரு பங்கு சைஸ். காக்பிட்ல கடையில விக்கிற பொம்மய வச்சா அசிங்கம். நானே உட்காரணும்.”

“உன் மூஞ்சி வேணுமா?”

“ஏன், நல்லாத்தானே இருக்கு?”

நன்றாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

“போட்டோ குடு. செதுக்கித் தரேன்.”

“லவினா வேணாம்ங்கறா. செதுக்குனா களை வராதாம்.”

“அப்ப மூஞ்சிமேலயே பிளாஸ்டர் போட்டு அச்சு எடுக்கணும்,” என்றேன்.

சார், இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நாலில் ஒரு பங்கு விமானத்தில் உட்காருகிற பைலட்டுக்குத் தலை கோழிமுட்டை அளவு. மனிதன் முகத்தில் அச்சு எடுத்தால் வருவது மனித முகம், முழு அளவு. அதைச் சுண்ட வைக்க வழி கிடையாது. முட்டை வைக்கிற இடத்தில் பூசணிக்காயை எப்படி வைப்பது? ஒரே ஒரு பிளக்காவது சொந்தக் கையால் செதுக்கியவன் இதைக் கேட்டதும், ‘என்ன ஆன்ட்டி உளர்றீங்க’ என்று சிரித்திருப்பான். உருவத்தைக் கண்ணால் அளந்து சின்னதாகச் செதுக்கத் தெரியாதவனுக்கு, இருப்பதன் மேல் பூசி எடுக்கிறவனுக்கு மட்டும், அது தோன்றவே தோன்றாது.

“சூப்பர் ஆன்ட்டி. எப்ப வரட்டும்?” என்றான்.

மூன்று வாரம் நேரம் கொடுத்தேன். அந்த மூன்று வாரத்தில் இரண்டு தடவை போன் பண்ணினான். ஒரு தடவை மீசையை எடுக்க வேண்டுமா என்று கேட்டான், இன்னொரு தடவை அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று. மே பதினாறாம் தேதி, ஞாயிறு, பூசை முடிந்து பத்தரை மணிக்கு வந்தபோது விமானத்தின் காக்பிட்டையும் கொண்டு வந்திருந்தான். நான் அதை வாங்கி மேஜை மேல், அவன் தலை வைக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. இதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்? ‘இது எப்படி அதுக்குள்ள போகும்’ என்று அவன் கேட்டிருந்தால் கட்லெட் கொடுத்து அனுப்பியிருப்பேன். கட்லெட் செய்து வைத்திருந்தேன் என்பதற்கு உங்கள் ஆட்களே சாட்சி. விசாரணைக்கு வந்த இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

கையையும் அச்சு எடுக்கலாம் என்று சொன்னது நான் இல்லை, அவன்தான். அந்த இரண்டாவது போனிலேயே சொன்னான். “பைலட்டுன்னா ஸ்டிக்கைப் புடிக்கிற கை வேணும்ல ஆன்ட்டி.” சரி, கையும் எடுத்துவிடலாம் என்றேன். கோவில் திருவிழாவுக்குப் பிரியாணி செய்கிற தேக்சா இரண்டு வெள்ளிக்கிழமையே இரவல் வாங்கி வைத்திருந்தேன். ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அவ்வளவு பெரிய பாத்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். சின்னப் பாத்திரமாக இருந்தால் விளிம்பு மணிக்கட்டில் குத்தும்.

கையை முதலில் எடுத்தேன். மேஜையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கீழே ஸ்டூல் மேல் பிளாஸ்டர் கரைத்து வைத்திருந்த தேக்சாவில் கையை விட்டான். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும்.

“சுடுது ஆன்ட்டி.”

“சுடும்.”

“எடுக்கும்போது வருமா?”

“என்கிட்ட எதுவும் ஒட்டிக்கிட்டு நின்னதில்ல.”

கை இறுகிய பிறகு முகம். முகத்தில் ஏன் ரெசின் ஊற்றவில்லை என்று உங்கள் சப்-இன்ஸ்பெக்டர் அன்றைக்குக் கேட்டார். ரெசின் தோலை அரிக்கும். உயிரோடு இருக்கிற மனிதன் முகத்தில் ரெசின் ஊற்றுவார்களா? எனக்கும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. புருவத்துக்கும் மீசைக்கும் வாசலின் தடவினேன், ஒவ்வொரு முடியாகப் படிய வைத்து. போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டரைக் கேளுங்கள், ஒரு முடி பிடுங்கி வந்திருக்காது. மூக்குக்கு இரண்டு ஸ்ட்ரா, சுற்றிலும் பஞ்சு. வாயை மூடச் சொன்னேன். ஏதாவது வேண்டுமென்றால் காலைத் தட்டு என்றேன். பிளாஸ்டரைத் தயிர்ப் பதத்தில் கரைத்து நெற்றியிலிருந்து இறக்கினேன்.

வாய் மூடியதும் ஷெட்டே மாறிப்போனது. எதிர்வீட்டு ரேடியோ கேட்டது. லாயிடை எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும், ஒரு வாக்கியத்தை நான் முழுதாக முடித்தது அன்றைக்குத்தான். நானும் பேசினேன். ஹெல்மெட் கம்பெனி பற்றி, பதினான்கு மாதம் பற்றி, சாமிநாதன் குடித்த காபி பற்றி. கடைசியில் கேட்டேன்.

“லாயிட், அந்த மூணு மேடு இருக்கில்ல, அது ஒரு எறும்பு. உனக்குத் தெரியுமா தெரியாதா? தெரியும்னா ஒரு ‘ம்’ சொல்லு. தெரியாதுன்னா ரெண்டு.”

அவனுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அது வேறு. முட்டாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிளப் முழுவதும் அவர்கள்தான். நிஜமாகவே அதை ஒரு பெரிய விஞ்ஞானம் என்று நம்பி அவன் காப்பி அடித்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பேன்.

“ம்,” என்றான்.

இரண்டாவது ‘ம்’ வருகிறதா என்று காத்திருந்தேன். அவசரப்பட்டு யாரையும் தீர்மானிக்கிற பழக்கம் எனக்கில்லை. காத்திருக்கும்போது கையைச் சும்மா வைத்திருக்க முடியாதே. ஸ்ட்ரா இரண்டும் மேலே ஒன்றாகச் சேர்ந்து நின்றன. அதன்மேல் கட்டைவிரலை வைத்தேன். காலைத் தட்டினான். பாட்டுக் குழுவில் தாளத்துக்கும் அப்படித்தான் தட்டுவான். மேஜை ஆடியது, தேக்சா ஆடவில்லை. ஜெபமாலையில் ஒரு பத்து முழுதாகச் சொல்லி முடித்தேன், எண்ணிக்கை தவறாமல். இரண்டாவது ‘ம்’ வரவில்லை. மூக்கு வழியாகக் காற்று போகாமல் ‘ம்’ சொல்ல முடியாது என்பது எனக்குப் பிறகுதான் தோன்றியது. வேண்டுமானால் நீங்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். நானும் வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் இருபது நிமிஷம் பொறுத்துத்தான் மோல்டைக் கழற்றினேன். அவசரமாக எடுத்தால் ஓரம் உடைந்துவிடும். கழற்றி ஷெல்ஃபில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, தெருவில் போய்க் கத்தினேன்.

லவினா வந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. அவன் மணிக்கட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை நகத்தால் சுரண்டிக்கொண்டே, “ஆன்ட்டி, அவருக்கு வலிச்சுதா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. கொஞ்சம் சுட்டுச்சுன்னு சொன்னான்,” என்றேன்.

அது ஒன்றுதான் நான் இந்த விஷயத்தில் சொன்ன பொய் என்று நினைக்கிறேன். அதிலும் பாதி உண்மை. மற்றதெல்லாம் நீங்களாகவே சொல்லிக்கொண்டது. ஸ்ட்ராவில் பிளாஸ்டர் போயிருக்கும் என்று முதலில் சொன்னது உங்கள் ஆள்தான். நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். அழுதுகொண்டிருக்கிற வயதான பெண் தலையை ஆட்டுவாள். பிறகு நிபுணர் கருத்து வேண்டும் என்று நீங்கள் போய்க் கேட்டது யாரை? சாமிநாதனை. அவர் கிளப் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார், ‘மேற்படி பெண்மணி பிறர் வேலையை நகலெடுப்பவரே தவிர, அச்சுக்கலையில் முறையான தேர்ச்சி உடையவர் அல்லர்’ என்று. கடுகு ஒட்டியவர்களில் அவரும் ஒருவர் என்பதை நான் மேலே எழுத மறந்துவிட்டேன்.

ஜூலையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, “கோபத்துல செஞ்சியாம்மா?” என்றார்.

“கோபமே இல்ல சாமி.”

“இதுக்காக நீ வருத்தப்படறியா?”

“ரொம்ப வருத்தம் சாமி. கோப்புல தேர்ச்சியில்லன்னு எழுதிட்டாங்க.”

அவர் பக்கத்திலிருந்து பெருமூச்சு கேட்டது. சாமி, நீங்கள் போய் போலீசில் சொல்லி அந்த வாக்கியத்தை மாற்றச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவரால் யாரிடமும் சொல்ல முடியாதாம், அது ரகசியமாம். அப்புறம் அதனால் எனக்கு என்ன பிரயோஜனம்? எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் அப்படி இல்லை. நீங்கள் பத்திரிகைக்காரர்களிடமும் சொல்வீர்கள்.

காந்தா டீ கொண்டுவந்து வைத்திருக்கிறார். “இன்னும் பேப்பர் பேக்கா, வேணுமா மேடம்?” என்று கேட்கிறார். போதும், முடிந்துவிட்டது.

அந்த இரண்டு ஸ்ட்ராவும் உங்களிடம்தான் சீல் வைத்த கவரில் இருக்கின்றன. ஒருவரும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. பாருங்கள், இந்த முனையிலிருந்து அந்த முனை பளிச்சென்று தெரியும். ஒரு பொட்டு பிளாஸ்டர் உள்ளே போகவில்லை. போகாது. முப்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட இந்தக் கை ஒரு ஓட்டையைத் தவறி அடைத்தது கிடையாது. லாயிட் தேர்ச்சியின்மையால் சாகவில்லை. என் கட்டைவிரலால் செத்தான். வாக்கியத்தை இப்படி மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அவன் முகத்தின் மோல்டு ஷெட்டில் மூன்றாவது தட்டில், நியூஸ் பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். யாராவது விஷயம் தெரிந்தவர் கையில் காட்டுங்கள். ஒரு காற்றுக் குமிழ் இல்லை. கண் இமை முடிகள் தனித்தனியாக விழுந்திருக்கின்றன. காலையில் சவரம் பண்ணும்போது மோவாயில் பட்ட கீறல்கூட வந்திருக்கிறது. உதட்டின் இடது ஓரத்தில் மட்டும் ஒரு மடிப்பு விழுந்து கோணலாகிவிட்டது. அதை என் குறையாக எழுதிவிடாதீர்கள். இறுகும்வரை அசையவே கூடாது என்று அவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.